ஏழாவது பிரபு

இடைக்கால ஐரோப்பாவில் நடக்கும் போர் வியூக கேம் அது. ‘7 பிரபுக்களைச் சந்தித்துப் பேசு’ என்பது கட்டளை. தம்பிக்கு அது ஆறோடு நின்றுவிட்டது. ஏழாவது பிரபு ஏற்கெனவே போரில் செத்துப்போயிருந்தார். கேம் மட்டும் இன்னும் அவருக்காகக் காத்திருந்தது.

மோட்களை நீக்கினான். ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்த்தான். பலனில்லை. பேசினால்தான் அடுத்த கட்டம் திறக்கும் என்று நிரல் எழுதியவர்கள், பேச வேண்டிய ஆள் இறந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. ஆட்டோசேவ் எல்லாமே அந்தச் சாவுக்குப் பிந்தையவை.

மிச்சமிருந்தது ஒரே ஒரு பழைய சேவ். துபாய்க்கு வேலைக்குப் போவதற்கு முந்தின இரவு அண்ணன் போட்டது. அழிக்க மனசு வராமல் வைத்திருந்தான். அதற்குத் திரும்பினால் 40 மணி நேர ஆட்டம் போய்விடும்.

அண்ணனைப் போனில் அழைத்தான். இங்கே இரவு மணி 12, துபாயில் 10.30.

“அதையே திறடா. போன கோட்டையை மறுபடி பிடிச்சுக்கலாம். இந்தத் தடவை கட்டத்துக்குக் கட்டம் தனித்தனியா சேவ் போடு.”

திறந்தான். ஏழாவது பிரபு உயிரோடு நின்றிருந்தார்.

“இருக்காருண்ணா!”

“முதல்ல போய்ப் பேசு. நான் லைன்லயே இருக்கேன்.”