பல்கேரியக் கிராமத்தில் ஒரு மண்வீடு

ஐரோப்பாவின் தென்கிழக்கிலே, தன்யூப் நதிக்குத் தெற்கே, பல்கேரிய நாட்டை வடக்கு தெற்கெனப் பிரித்துக்கொண்டு கருங்கடல் வரை செல்வது பால்கன் மலைத்தொடர். அந்நாட்டார் அதனை 'ஸ்தாரா பிளானினா' என்பர்; 'பழைய மலை' என்பது பொருள். அம்மலையின் வடசாரலில், வெலிக்கோ தர்னோவோ நகருக்கும் எலெனா என்னும் சிறு பட்டினத்துக்கும் இடையிலுள்ள கிராமமொன்றில், 2024ஆம் ஆண்டு இளவேனிற் காலத்தில் நாம் ஒரு பழைய வீட்டை வாங்கினோம்.

வெலிக்கோ தர்னோவோவைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லாது அப்பாற் செல்லல் முறையன்று. 1185ஆம் ஆண்டு தொடக்கம் 1393இல் ஒட்டோமான் துருக்கர் கைப்பற்றும் வரை அது பல்கேரியப் பேரரசின் தலைநகராய் விளங்கியது. யந்திரா என்னும் ஆறு பாம்புபோல் வளைந்து வளைந்து ஓட, அவ்வளைவுகளின் செங்குத்தான கரைகளிலே வீடுகள் ஒன்றன்மேலொன்றாய் ஏறி நிற்கும். அந்நகரிலிருந்து எமது கிராமத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு பஸ் வண்டிகள் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுமில்லை.

பிரான்சு தேசத்திற் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்ற நாம் ஏன் அங்கு சென்றோம் என்று வினவுவார்க்கு ஒரே விடைதான். பாரிசு நகரில் ஒரு மோட்டார் வண்டியை நிறுத்தி வைக்கும் இடத்துக்குக் கேட்கும் விலைக்கு, அங்கே வீடும் கிணறும் பழமரங்களும் உள்ள ஒரு வளவு கிடைத்தது. பிரான்சுக் குடியுரிமை உடையோமாதலின் நிலத்தையும் எமது பெயருக்கே எழுதிக்கொள்ள முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் புறம்பானவர்கள் கட்டடத்தை வாங்கலாமே தவிர, பொதுவாக நிலத்தைத் தம் பெயரில் வாங்குதல் அந்நாட்டுச் சட்டப்படி இயலாது.

விலை மலிவாயினும் உறுதி முடித்தல் எளிதாயிருக்கவில்லை. வீட்டுக்காரக் கிழவர் இறந்தபின் அவ்வீடு ஏழு உரிமைக்காரருக்குப் பங்காயிற்று. இருவர் சோபியாவில், ஒருவர் வார்னாவில், மூவர் ஜெர்மனியில், ஒருவர் ஸ்பெயினில். எழுவரின் ஒப்பமும் சேர நாலு மாதம் சென்றது. பங்கு பிரியாத காணியின் வருத்தத்தை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நொத்தாரிசு உறுதியை உரத்து வாசிக்க, மொழிபெயர்ப்பாளர் வரிக்கு வரி எமக்குச் சொன்னார். கையொப்பமிட்டு வெளியே வந்த மூத்த மகள், திறப்புக் கொத்தை எமது கையில் வைத்து, "திராட்சைக் கொடியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டார்.

அவ்வீடு அப்பகுதியின் பழைய முறைப்படி அமைந்தது. கீழ்த்தளம் கல்லாலாயது, முன்னாளில் ஆடுமாடுகளும் திராட்சை மதுப் பீப்பாய்களும் இருந்த இடம். மேற்தளம் மரச்சட்டங்களை நிறுத்தி, இடையிலே வெயிலிற் காயவைத்த மண்கற்களை அடுக்கிக் கட்டியது. களிமண்ணையும் கோதுமை வைக்கோலையும் காலால் மிதித்துக் குழைத்து, அச்சிலிட்டு உலர்த்தும் இக்கல்லை அவர்கள் 'கிர்ப்பிச்' என்பர். சுவரின் தடிப்பு ஒன்றரை அடிக்கு மேல். கோடையில் உள்ளே குளிர்ச்சி. பனிக்காலத்தில் ஒருமுறை ஏறிய சூடு விரைவில் இறங்காது.

முதலில் எமக்கு ஆலோசனை சொன்னவர் நகரத்திலிருந்து வந்த ஓர் ஒப்பந்தக்காரர். "இடித்துவிட்டுக் கொங்கிறீற்றாற் கட்டுங்கள், மண்சுவருக்குச் செலவு செய்வது பணத்தை மண்ணிற் போடுவதாகும்" என்றார். இரண்டாவதாக வந்தவர் அவ்வூர் முதிய கொத்தனார். அவரை எல்லாரும் 'மைஸ்தோர்' என்று அழைப்பர். நமது 'மேஸ்திரி' போர்த்துக்கேயர் வழியாகவும், அவர்களது 'மைஸ்தோர்' கிரேக்கர் வழியாகவும் வந்தவை. இரண்டுக்கும் தாய் ஒரே இலத்தீன் சொல். கிழவர் வீட்டை மும்முறை சுற்றினார், சுவரைத் தட்டினார், கற்சுவரினூடே கிடையாகப் பதித்திருந்த மரக்கட்டைகளைக் காட்டினார். நிலம் நடுங்கும்போது சுவர் பிளவாமல் இறுக்கிப் பிடிப்பவை அவை. 1913ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அயலிலுள்ள கோர்னா ஒரியாகோவித்சாவிலே பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. 1986 டிசம்பரில் ஸ்த்ராஜித்சா என்னும் பட்டினம் மிகவும் சேதமுற்றது. அவ்விரண்டையும் இச்சுவர்கள் தாங்கின என்றார் அவர். "சீமெந்து மட்டும் பூசாதீர்கள். மண் மூச்சுவிட வேண்டும்" என்றும் எச்சரித்தார்.

அவர் சொன்னதிற் காரணமிருந்தது. மண்சுவர் நிலத்திலிருந்து சிறிது ஈரத்தை உறிஞ்சுவதும் காற்றில் விடுவதுமாய் இருக்கும். சீமெந்துப் பூச்சு அவ்வீரத்தை உள்ளே அடைத்துவிடும். அப்பால் உள்ளே மண் கரைவது வெளியே தெரியாது. ஆகவே களிமண், மணல், உமி மூன்றையும் நீரிற் குழைத்துச் சில நாள் ஊறவிட்டுப் பூசி, மேலே சுண்ணாம்பு தீட்டுவதெனத் தீர்மானித்தோம். நகரத்து ஒப்பந்தக்காரர் எம்மைப் பரிதாபத்துடன் பார்த்துவிட்டுப் போனார்.

இங்கு ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். பல்கேரியர் 'ஆம்' என்பதற்குத் தலையை இடமும் வலமும் அசைப்பர். 'இல்லை' என்பதற்கு மேலும் கீழுமாக ஆட்டுவர். நாமோ இரண்டுக்கும் இடைப்பட்டதொரு வகையிலே தலையை ஆட்டிப் பழகிய இனத்தவர். இந்த உத்தரம் நல்லதா என்று நாம் கேட்க, மைஸ்தோர் தலையை அசைக்க, உளுத்ததென்று நாம் வருந்த, எமது தலையசைப்பைக் கண்டு அவர் திகைக்க, இவ்வாறு முதல் மாதம் கழிந்தது. ஈற்றில் இரு திறத்தாரும் தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு வாயாற் பேசுவதென உடன்பட்டோம். 'ஊத்ரே' என்னும் சொல்லையும் அவரிடமே கற்றோம். 'நாளை' என்பது அகராதிப் பொருள். 'நாளை அல்ல' என்பது வழக்குப் பொருள்.

கூரை வேலை 2025ஆம் ஆண்டு யூன் மாதத்திலே தொடங்கியது. எம்மூர்ப் பீலி ஓட்டை ஒத்த அரைவட்ட ஓடுகள் மூவாயிரத்துக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றையும் கையாலிறக்கி, விரற்கணுவாற் சுண்டிப் பார்க்க வேண்டும். கணீரென ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் உள்ளே வெடிப்புண்டு. பத்து நாள் இதுவே வேலை. பின்பு உளுத்த கைமரங்களை நீக்கிப் புதிய ஓக்கு மரங்களை ஏற்றினர். மண்வீட்டுக்கு இதைவிட ஆபத்தான காலம் வேறில்லை. கூரையற்ற மண்சுவர் நனைந்தால் அது சுவரல்ல, சேறு.

அஞ்சியது நடந்தது. ஒருநாள் நள்ளிரவில் மலைப்பக்கத்திலிருந்து இடியும் காற்றும் ஆலங்கட்டி மழையும் ஒருங்கே வந்தன. சுவர்களின்மேற் கட்டியிருந்த படங்கு ஒரு மூலையிற் கிழிந்து பாய்மரம்போல் எழுந்தது. நாம் ஏணியிலேறி அதனைப் பற்ற முயன்றுகொண்டிருந்தபோது படலை திறக்கும் ஒலி கேட்டது. அடுத்த வளவுப் பாட்டியார் தமது தக்காளிப் பந்தலை மூடியிருந்த பொலித்தீன் விரிப்பைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு வயது எண்பத்திரண்டு. பின்னால் மைஸ்தோர், அவர் பின்னால், அதுவரை எம்முடன் ஒரு சொல்லும் பேசியிராத எதிர்வீட்டு மனிதர், கையிற் கயிற்றோடு. விடியும்வரை நால்வரும் ஐவருமாய் அவ்விரிப்பின் ஓரங்களைப் பிடித்து நின்றோம். வடகீழ் மூலையில் இரண்டு முழ உயரத்துக்குச் சுவர் கரைந்து வழிந்தது, மற்றவை தப்பின. காலையிற் பாட்டியாரின் தக்காளிச் செடிகளைப் போய்ப் பார்த்தோம். ஆலங்கட்டி பட்டு ஒன்றும் மிஞ்சவில்லை. அதற்கு ஈடாக எதைக் கொடுத்தும் அவர் ஏற்கவில்லை. "சுவர் எழும்ப ஒரு வருடம், தக்காளி அடுத்த வருடமும் காய்க்கும்" என்று கையை வீசிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவரை நாம் 'பாபா' என்றே அழைக்கிறோம். அவர்கள் மொழியிற் பாட்டிக்கு அதுவே பெயர். கிராமத்து வாழ்க்கையின் பாடங்களை எமக்கு அவரே புகட்டினார். விறகைக் கோடையிலேயே வாங்கி, பிளந்து, காற்றோட்டமாக அடுக்க வேண்டும். ஐப்பசியில் வாங்குபவன் புகையைத்தான் வாங்குகிறான் என்பார். தண்ணீர் வராத நாளிற் குடத்துடன் வீதியோர 'செஷ்மா'வுக்குப் போக வேண்டும். ஊற்று நீரைக் குழாய்வழி கொணர்ந்து கல்லிலே கட்டிய நீர்த்துறை அது. இறந்தாரின் நினைவாக இத்தகைய துறைகளைக் கட்டுவிப்பது அந்நாட்டிற் பெருந் தருமமாகக் கருதப்படுகிறது. பாண் வண்டி காலை பத்து மணிக்கு வந்து ஒலியெழுப்பும். கிராமம் முழுவதும் ஒன்றுகூடும் நேரம் அதுவே. முழுவதும் என்றால் முப்பது பேர் இருக்கலாம்.

புரட்டாதி மாதத்தில் அங்கு தெருவெல்லாம் மிளகாய் வாசம். நீண்டு சிவந்த பெருமிளகாய்களைச் 'சுஷ்கோபெக்' என்னும் மின்னடுப்பிற் சுடுகின்றனர். குழாய் வடிவான இவ்வடுப்பு பல்கேரியருக்கே உரியது. தோலுரித்த மிளகாயைத் தக்காளியுடன் பெருங் கலத்திலிட்டு, மணிக்கணக்காகத் துழாவிக் காய்ச்சி, 'லியூத்தெனித்சா' என்னும் பசையாக்கிப் போத்தல்களில் அடைப்பர். பனிக்காலம் முழுதும் பாணுக்கும் பாற்கட்டிக்கும் அதுவே துணை. எமக்கு அது சற்றே உறைப்புக் குறைவாகத் தோன்றியது. எம் பங்குக்குச் செத்தல் மிளகாயைச் சேர்த்துப் பாபாவுக்கு ஒரு போத்தல் கொடுத்தோம். அவர் ஒரு கரண்டி உண்டு, நெடுநேரம் மௌனமாயிருந்து, ஒரு செம்பு தயிரைக் குடித்தார்.

கூரை முடிந்த நாளில் ஒரு பழைய வழக்கம் நிகழ்ந்தது. முகட்டிலே பூங்கொத்தைக் கட்டி, வீட்டுக்காரரும் அயலாரும் கொடுக்கும் சட்டைகளையும் துவாய்களையும் கைமரங்களிற் தொங்கவிட்டனர். மைஸ்தோர் மேலே நின்று, ஒவ்வொன்றையும் யார் கொடுத்தாரென்று கூவி அவரை வாழ்த்தினார். நாம் கொடுத்தது யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டு சென்ற ஒரு நாலுமுழ வேட்டி. அதன் பயன் யாதென அவர் வினவ, எதிர்வீட்டு மனிதர் இடுப்பிற் சுற்றிக் காட்ட, அன்று ஊரே சிரித்தது.

அச்சிரிப்பு அடங்கியபின் கேட்கும் அமைதி பெரிது. 1989இல் ஏறக்குறைய தொண்ணூறு இலட்சம் மக்கள் வாழ்ந்த பல்கேரியாவில் 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இருந்தோர் 65 இலட்சமே. பிறப்புக் குறைந்தது, இளைஞர் மேற்கே சென்றனர். 1950களிற் காணிகள் கூட்டுப்பண்ணைகளாக்கப்பட்ட நாள்முதலே கிராமத்தவர் நகரத் தொழிற்சாலைகளை நாடத் தொடங்கிவிட்டனர். எமது தெருவிலுள்ள பதினெட்டு வீடுகளிற் புகை எழுவது ஐந்திலேதான். பாடசாலை மூடப்பட்டுவிட்டது. 'சித்தாலிஷ்தே' என்னும் வாசிகசாலை மட்டும் வாரத்தில் ஒருநாள் திறக்கப்படுகிறது. 1856ஆம் ஆண்டில், துருக்கர் ஆட்சிக்காலத்திலேயே, மக்கள் தாமே பணம் சேர்த்து இத்தகைய வாசிகசாலைகளை நிறுவத் தொடங்கினர். ஊருக்கொரு வாசிகசாலை கண்ட எம்மவர்க்கு அதன் அருமை நன்கு விளங்கும். அலுமாரிகளில் நூல்கள் ஒழுங்காய் இருக்கின்றன. இரவல் ஏட்டிற் கடைசியாய் உள்ள பெயர்களுள் எமதும் ஒன்று.

2026 தை முதலாம் நாள் தொட்டு அந்நாட்டில் யூரோ நாணயம் வழங்குகிறது. பாபா இன்னும் எல்லாவற்றையும் பழைய 'லெவா'விலேயே கணக்கிட்டு, விலையைக் கேட்டுத் திடுக்கிடுகிறார். பங்குனி முதல்நாள் அவர் எமது மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலைக் கட்டினார். 'மார்த்தெனித்சா' என்பது அதன் பெயர். செங்கால் நாரையையோ பூத்த மரத்தையோ காணும்வரை அவிழ்க்கலாகாது. மாத முடிவில் மின்கம்பத்து உச்சியிலுள்ள பழைய கூட்டுக்கு நாரை வந்து சேர்ந்தது. நாம் நூலை அவிழ்த்துத் திராட்சைக் கொடியிற் கட்டினோம். கொடி பிழைத்திருக்கிறது.

அதன்பின் எஞ்சியிருந்தது படலை. இவ்விடத்திற் பல்கேரியரின் இன்னொரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒருவர் இறந்தால் அவரது படத்துடன் அச்சிட்ட அறிவித்தலை வீட்டு வாயிலிலும் மரங்களிலும் பஸ் தரிப்பிடத்திலும் ஒட்டுவர். நாற்பதாம் நாளிலும் ஆறாம் மாதத்திலும் ஆண்டு நிறைவிலும் புதிதாக ஒட்டுவர். எமது வீட்டுப் படலையில் முந்திய வீட்டுக்காரக் கிழவரும் அவர் மனைவியும் இரண்டு தாள்களில் இருந்தனர். மழையிலும் வெயிலிலும் வெளிறிய முகங்கள். படலையோ இற்றுப்போய்விட்டது; மாற்றாமல் தீராது. தாள்களை மெல்லக் கழற்றி ஒரு புத்தகத்துள் வைத்துவிட்டுப் புதிய படலையைப் பொருத்தி, பச்சை வர்ணம் பூசினோம்.

மறுவாரம் ஒரு முதியவள் வாயிலில் வந்து நின்றாள். இறந்த கிழவரின் தங்கை; ஊரின் மறுகோடியில் வசிப்பவள். கையிற் புதிதாய் அச்சிட்ட தாளொன்றும் நான்கு சிறு ஆணிகளும் இருந்தன. அண்ணன் மறைந்து ஐந்து ஆண்டு நிறைவென்றும், இப்போது வீடு எம்முடையதாகையால் அனுமதி கேட்க வந்ததாகவும் சொன்னாள். வர்ணம் இன்னும் முற்றாகக் காயவில்லை. சுத்தியலை எடுத்து வந்து கொடுத்தோம். அவள் கைக்கு எட்டும் உயரத்தில், அவள் காட்டிய இடத்தில், நாம் தாளைப் பிடித்துக்கொள்ள அவளே நான்கு ஆணிகளையும் அறைந்தாள். பின்னர் உள்ளே வந்து புதிய கூரையை அண்ணாந்து பார்த்து, வடகீழ் மூலைச் சுவரைக் கையாற் தடவி, "இது புது மண்" என்றாள்.