புது லேப்டாப் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிப்பவர்களாவது பொறுமையாக முழுவதும் படியுங்கள்.

இந்த மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "காலேஜ்ல 16 ஜிபி ரேம் இருக்கிற லேப்டாப் வேணும்னு சொல்றாங்களே சார், வாங்கித்தான் ஆகணுமா?" நான் கணக்கு வாத்தியார். கம்ப்யூட்டர் என் பாடம் இல்லை. ஆனால் எங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் பெண்ணுக்கு இதே பிரச்சினை வந்தபோது கூடவே இருந்து பார்த்தேன். அதைச் சொல்கிறேன்.

அவள் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. வைத்திருப்பது அவள் அண்ணன் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அந்தத் திட்டம் உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். முதலில் வந்தவற்றில் 2 ஜிபி நினைவகம், பின்னால் வந்தவற்றில் 4 ஜிபி. இவளுடையது 4 ஜிபி, இரண்டு கோர் உள்ள சிப்.

கல்லூரி புராஜெக்டுக்கு லிப்ரே ஆபீஸ் மென்பொருளை எடுத்துக்கொண்டாள். அது இலவசம், மூல நிரலும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. அதில் தமிழ் எழுத்து தொடர்பான ஒரு சின்னக் குறையைத் திருத்திப் பார்க்க ஆசை. திருத்தினால் போதாது; முழு நிரலையும் கம்பைல் செய்தால்தான் ஓட்டிப் பார்க்க முடியும். நம் பிளஸ் ஒன் பாடநூலில் நிரல்பெயர்ப்பி என்று வருமே, அந்த வேலை.

ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் மெஷின் உறைந்துவிடும். மவுஸ் நகராது. கடைசியில் திரையில் 'கில்ட்' என்று ஒரே ஒரு வார்த்தை. ஒரே வாரத்தில் நான்கு முறை இப்படி. "நான்தான் ஏதோ தப்பு பண்றேன் சார்" என்று சோர்ந்துபோனாள். கல்லூரியில் கேட்டதற்கு, "இந்த மெஷின்ல நடக்காது, புதுசு வாங்கு" என்று சொல்லிவிட்டார்கள். அவள் அம்மா மறுநாள் காலையில் வந்து, கூட்டுறவு வங்கியில் நகைக்கு வட்டி எவ்வளவு என்று என்னைக் கேட்டார். கல்லூரிக் கட்டணத்துக்காக ஏற்கெனவே வைத்தது போக மிச்சம் இருந்தது இரண்டு வளையல்.

"ரெண்டு நாள் பொறும்மா" என்று சொல்லிவிட்டு, சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவனுக்குப் போன் போட்டேன். அரை மணி நேரம் விளக்கினான். அவன் சொன்னதை என் வழியில் சொல்கிறேன்.

பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உதவித் தேர்வாளருக்கும் ஒரு மேசை வேண்டும். விடைத்தாள் கட்டு, விடைக்குறிப்பு, மதிப்பெண் தாள் எல்லாம் அதில் விரித்தால்தான் வேலை நடக்கும். கம்பைலரும் அப்படித்தான். சி பிளஸ் பிளஸ் மொழியில் ஒரு கோப்பைப் பெயர்க்க, அது சேர்த்துக்கொள்ளும் நூற்றுக்கணக்கான தலைப்புக் கோப்புகளையும் நினைவகத்தில் விரிக்க வேண்டும். 500 வரி எழுதியிருந்தாலும் கம்பைலர் முன்னால் விரிவது பல்லாயிரம் வரிகள். அடுத்த கோப்புக்கு மறுபடியும் முதலிலிருந்து விரிக்க வேண்டும்.

இந்தப் பெண் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகள் என்ற இடத்தில் 8 என்று கொடுத்திருந்தாள். இனி கணக்கு. ஒரு கோப்புக்கு அரை ஜிபி என்று வைத்துக்கொள்வோம். எட்டுக்கு 4 ஜிபி. மெஷினில் இருப்பதே 4. அதில் லினக்ஸ், திரை, திறந்து கிடக்கும் பிரவுசர் எல்லாம் சேர்ந்து ஒன்றரை, இரண்டு ஜிபியை எடுத்துக்கொள்கின்றன. நான்கு மேசை போடும் ஹாலில் எட்டுப் பேரை உட்காரச் சொன்ன கதை. இடம் அறவே தீர்ந்ததும், லினக்ஸ் பெரும்பாலும் அதிக இடம் பிடித்திருக்கும் ஒரு வேலையைப் பார்த்து வெளியேற்றிவிடும். அந்த 'கில்ட்' அதுதான். அவள் எழுதிய நிரலில் தப்பே இல்லை.

இதோடு முடியவில்லை. கடைசியில் எல்லாக் கட்டுகளையும் முதன்மைத் தேர்வாளர் ஒரே மேசைக்கு வரவழைத்துச் சரிபார்ப்பதுபோல், கம்பைல் ஆன துண்டுகளை எல்லாம் ஒன்றாக இணைக்கும் லிங்கர் என்று ஒன்று உண்டு. பிழை தேட உதவும் டீபக் தகவலும் சேர்ந்துவிட்டால் அதற்கு இடம் போதவே போதாது.

பெரிய இடங்களுக்கும் இது வந்திருக்கிறது. 2011 டிசம்பரில் ஃபயர்பாக்ஸ் பிரவுசரின் விண்டோஸ் பதிப்பைக் கட்டும்போது, 32 பிட் லிங்கருக்குக் கிடைத்த 3 ஜிபி முகவரி இடம் போதாமல் வேலை நின்றுபோனது. மொத்த நிரலையும் ஒரே பார்வையில் பார்த்து வேகப்படுத்தும் முறையை அவர்கள் பயன்படுத்தியதுதான் காரணம். எவ்வளவு ரேம் வாங்கிப் போட்டாலும் 32 பிட் நிரல் ஒன்றுக்கு 4 ஜிபிக்கு மேல் எட்டாது. ஆண்ட்ராய்டைக் கட்ட 64 ஜிபி வேண்டும் என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் என் மாணவன் சொன்னான். 1959-ல் வந்த ஐபிஎம் 1401 கணினிக்கு ஒரு ஃபோர்ட்ரான் கம்பைலர் இருந்தது. வெறும் 8,000 எழுத்து நினைவகத்தில் ஓடும். அதில் கம்பைலர் முழுதாக நுழையாது. அதனால் நிரலை உள்ளேயே வைத்துக்கொண்டு, கம்பைலரை 63 துண்டாக்கி ஒவ்வொன்றாக உள்ளே விட்டு வெளியே எடுத்தார்கள். இடம் இல்லாதவர்கள் முறை வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நாங்களும் அதையே செய்தோம். 8-ஐ 2 ஆக்கினாள். இரண்டே கோர் உள்ள சிப்பில் எட்டு கொடுத்ததால் வேகமும் கூடியிருக்காது. டீபக் தகவலை நிறுத்தினாள். பிரவுசரை மூடினாள். ஹார்டு டிஸ்கில் 8 ஜிபி ஸ்வாப் இடம் ஒதுக்கினாள். ரேம் நிறைந்தால் கொஞ்சத்தை அங்கே இறக்கி வைத்துக்கொள்ளும். ஹார்டு டிஸ்க் மெதுவானது என்பதால் அதையே நம்பி ஓட்ட முடியாது. லிங்கர் ஓடும் அந்தக் கடைசி நேரத்துக்குக் கைகொடுக்கும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரம்பித்தது. சனிக்கிழமை மத்தியானம் கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்து மெஷின் அணைந்துவிட்டது. முடிந்த கோப்புகளை மறுபடி செய்யத் தேவையில்லை என்பதால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஞாயிறு காலை ஆறரை மணிக்கு மாடியிலிருந்து, "சார், தொறந்துடுச்சு!" என்று சத்தம். இப்போது ஒரு கோப்பைத் திருத்தினால் அதையும் அதைச் சார்ந்தவற்றையும் மட்டும் கம்பைல் செய்தால் போதும். வளையல்கள் பீரோவிலேயே இருக்கின்றன.

எனவே கேட்டவர்களுக்கு என் பதில்: முதலில் பிள்ளை என்ன வேலை செய்யப்போகிறது என்று கேளுங்கள். பாடத்தில் வரும் பயிற்சி நிரல்களுக்கு 4 ஜிபியே தாராளம். பெரிய மென்பொருள் என்றால் மேலே சொன்னதைச் செய்து பாருங்கள். அப்படியும் போதவில்லையென்றால், முழு லேப்டாப் வாங்கும் முன் பழையதில் ரேம் கூட்ட இடம் இருக்கிறதா என்று ரிச்சி தெருவில் காட்டுங்கள். ஆண்ட்ராய்டு மாதிரி வேலைக்கு எந்த உபாயமும் உதவாது. அதற்குப் பெரிய மெஷின்தான் வேண்டும்.

அதற்காகத்தான் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓ.எம்.ஆர். பக்கம் வேலை செய்யும் உங்களில் பலர் வீட்டில் 16, 32 ஜிபி சொந்த மெஷின் வார இறுதியில் சும்மா கிடக்கும். மேடவாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை சுற்றுவட்டாரப் பிள்ளைகள் நாலு பேருக்கு அதில் சில மணி நேரம் கொடுக்க முடியுமா? பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிப் போட்ட ரேம் இருந்தாலும் சொல்லுங்கள். மாடிப் பெண்ணின் மெஷினுக்கு டிடிஆர் 4, 4 ஜிபி ஒன்று போதும். உள்பெட்டியில் செய்தி அனுப்புங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.