சிங்கப்பூரிலிருந்து ஒரு போன்... மைக்கில் ஒரு குரல்... நல்லவாடு தப்பித்த கதை!

புதுச்சேரிக்கு வீக்கெண்ட் டிரிப் போகிறவர்களின் பட்டியலில் ராக் பீச் இருக்கும், மணக்குள விநாயகர் கோயில் இருக்கும், ஆரோவில் இருக்கும். மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று எடுக்கும் நாலு போட்டோ கட்டாயம் இருக்கும். நல்லவாடு இருக்காது.

கடலூர் சாலையில் தெற்கே போய், அரியாங்குப்பம் தாண்டி, சுண்ணாம்பாறு போட் ஹவுஸையும் தாண்டினால் தவளக்குப்பம் சந்திப்பு வரும். அங்கே இடது பக்கம் திரும்பும் சாலை நேராகக் கடலைப் பார்த்துப் போகிறது. அதன் முடிவில் இருக்கும் மீனவ கிராமம்தான் நல்லவாடு. மணலில் ஏற்றி நிறுத்திய ஃபைபர் படகுகள், காயும் வலைகள், கருவாட்டு வாசனை. இந்தக் கரையில் இருக்கும் எந்தக் குப்பத்துக்கும் உள்ள முகம்தான் இதற்கும். 'இங்கே பார்க்க என்ன இருக்கிறது?' என்று கேட்டால், கடலைத் தவிர பெரிதாக எதுவும் இல்லை.

ஆனால் சுனாமி எச்சரிக்கை பற்றி உலகில் எங்கே பேசினாலும் இந்த ஊரின் கதை ஒரு முறையாவது வந்துவிடும். தொழில்நுட்பம் நம் அன்றாட வாழ்க்கையை என்ன செய்தது, இனி என்ன செய்யப்போகிறது என்பதை இந்த ஊரின் மணலில் நின்று யோசிப்பது, ஏ.சி அரங்கில் உட்கார்ந்து யோசிப்பதைவிட நல்லது.

கதை 1998-ல் தொடங்குகிறது. அப்போது இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்து மூன்றே வருடம். நகரத்திலேயே டயல் செய்து, கீச்சிடும் மோடம் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். செல்போன் என்பது பணக்காரர்களின் பொருள். அந்த நேரத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வில்லியனூரை மையமாக வைத்து, புதுச்சேரி கிராமங்களில் கம்ப்யூட்டர் மையங்களைத் தொடங்கியது. கிராம அறிவு மையம் என்று பெயர். டெலிபோன் லைன் சரியில்லாத ஊர்களுக்கு வயர்லெஸ் மூலம் தகவல் போனது. கரன்ட் போனால் சமாளிக்க சோலார். மையத்தை நடத்தியவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள், அவர்களில் பெண்கள் அதிகம். இடம் கொடுக்கும் ஊருக்கு ஒரு முக்கியமான நிபந்தனையும் உண்டு. எந்தச் சாதிக்காரர் வந்தாலும் உள்ளே விட வேண்டும்.

நெல் விலை, அரசுத் திட்டங்கள், தேர்வு முடிவு என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு தேவை. கடலோர ஊரான வீராம்பட்டினத்துக்குத் தேவைப்பட்டது வேறு. நாளைக்கு அலை எத்தனை உயரம்?

அதற்குப் பதில் கிடைத்த இடம்தான் ஆச்சர்யம். அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களுக்காகத் தயாரித்த அலை உயர முன்னறிவிப்பு, இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்தது. வில்லியனூரில் அதை இறக்கி, தமிழில் பேசிப் பதிவு செய்து, அந்தக் குரலை வீராம்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அது ஒலிபெருக்கியில் ஊருக்கே ஒலித்தது. எங்கோ ஒரு போர்க்கப்பலுக்குப் போக வேண்டிய செய்தி, கட்டுமரம் கட்டிக்கொண்டிருந்தவரின் காதில் விழுந்தது!

கம்ப்யூட்டரைவிட இதில் பெரிய கண்டுபிடிப்பு அந்த ஒலிபெருக்கிதான் என்று சொல்லத் தோன்றுகிறது. மையத்துக்கு வந்து திரையைப் பார்க்க நேரமில்லாதவருக்கும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவருக்கும், அடுப்படியில் நின்றவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே செய்தி போனது. கேட்டேன், கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். இந்திய நேரப்படி காலை ஆறரை மணிக்குச் சற்று முன்பு சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. உலகம் முழுக்க நிலநடுக்க அளவைக் கருவிகள் அதைச் சில நிமிடங்களில் பதிவு செய்துவிட்டன. அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் நம் கரையில் யாருக்கும் எதுவும் தெரியாது. குழந்தைகள் மணலில் கிரிக்கெட் ஆடினார்கள், பெண்கள் மீன் கூடையோடு நின்றார்கள். தமிழகத்தில் மட்டும் சுமார் 8,000 உயிர்கள் போயின.

நல்லவாட்டுக்கு மட்டும் ஒரு போன் வந்தது. இந்த ஊர் மீனவர் வீட்டுப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே இயங்கிவந்த அறிவு மையத்தோடு முன்பே பழக்கம் உள்ளவர். செய்தியில் இந்தோனேசியாவைப் பார்த்ததும் வீட்டுக்கு போன் போட்டார். எடுத்த தங்கை, கடல் தண்ணீர் ஊருக்குள் வருகிறது என்று சொல்லியிருக்கிறார். உடனே எல்லோரும் வெளியேறுங்கள், ஊருக்கும் சொல்லுங்கள் என்றார் அவர். பூட்டியிருந்த மையத்தின் கதவை உடைத்து, அலை உயரம் சொல்லப் பயன்பட்ட அதே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர். வீடுகள் போயின, படகுகள் போயின, வலைகள் போயின. உயிர் ஒன்றுகூடப் போகவில்லை.

இந்தக் கதையைத் 'தொழில்நுட்பத்தின் வெற்றி' என்று எழுதிவிடுவது சுலபம். உண்மையில் அன்றைக்கு இருந்த மிகச் சிறந்த கருவிகள் எல்லாம் செய்தியைத் தெரிந்துகொண்டும் சும்மா இருந்தன. ஊரைக் காப்பாற்றியவை ஒரு சாதாரண போனும், ஒரு சாதாரண மைக்கும், கதவை உடைக்கத் தயங்காத சில மனிதர்களும். அந்த மைக்கில் ஒலித்தால் அது பொய்யாக இருக்காது என்று ஊர் பழகியிருந்தது. அந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்ததல்ல, தினமும் அலை உயரம் சொல்லிச் சொல்லி வந்தது.

பாக்கெட்டுக்குள் வந்த கடல்

இப்போது நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. கடலடியில் நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவிகள், கரையோரத்தில் அலைமட்டம் அளக்கும் கருவிகள் என ஒரு வலையே விரித்திருக்கிறார்கள். பெரிய நிலநடுக்கம் நடந்தால் பத்து நிமிடங்களுக்குள் முதல் அறிவிப்பு போய்விடும்.

அதே மையம் இன்னொரு வேலையும் செய்கிறது. கடல் மேற்பரப்பின் வெப்பம், பாசியின் பச்சையம் இரண்டையும் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து, மீன் எங்கே கூடும் என்று சொல்கிறது. மேகம் மூடிய நாளில் படம் கிடைக்காது, அன்றைக்கு அறிவிப்பும் கிடையாது. சுவாமிநாதன் நிறுவனம் கொண்டுவந்த மீனவர்களுக்கான மொபைல் ஆப்பில் அலை, காற்று, மீன் கிடைக்கும் இடம் எல்லாம் வரும். படகு சர்வதேசக் கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். நல்லவாட்டுக்காரருக்கு இது பெரிதாகத் தேவைப்படாது, காரைக்காலிலும் நாகையிலும் ராமேஸ்வரத்திலும் இருப்பவர்களுக்கு வாழ்க்கைப் பிரச்னை.

2023-ல் ஒருநாள் உங்கள் போன் சைலன்ட்டில் இருந்தும் திடீரென அலறியது ஞாபகம் இருக்கிறதா? சாதாரண எஸ்.எம்.எஸ் அல்ல அது. ஒரு டவரின் எல்லைக்குள் இருக்கும் எல்லா போன்களுக்கும் ஒரே நொடியில் போகும் பேரிடர் எச்சரிக்கையின் ஒத்திகை. நம்பர் தெரிய வேண்டியதில்லை, ஆப் வேண்டியதில்லை, நெட் வேண்டியதில்லை. ஒருவகையில் பழைய ஒலிபெருக்கியின் பேரன்!

ஆனால் டவர் வேண்டுமே. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல நாள் கரன்ட் இல்லை, போனுக்கு சார்ஜ் இல்லை, சிக்னல் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று, ஒரே நாளில் சுமார் 48 செ.மீ மழையைக் கொட்டியது. அப்படிப்பட்ட இரவில் பேட்டரியில் ஓடும் ஒரு மைக்கும், தெருத்தெருவாகப் போகும் ஓர் ஆட்டோவும் எந்த ஸ்மார்ட்போனுக்கும் குறைந்தவை அல்ல.

ஒடிசாவில் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாஹி என்ற இரண்டு கடலோர கிராமங்கள் 2020-ல் யுனெஸ்கோவின் 'சுனாமிக்குத் தயார்' அங்கீகாரத்தைப் பெற்றன, இந்தியாவிலேயே முதலாவதாக. அங்கே பார்க்கப்பட்டது கருவிகளை மட்டுமல்ல. எந்த வழியாக ஓடுவது என்ற வரைபடம் ஊரில் இருக்கிறதா, ஒத்திகை நடக்கிறதா, எச்சரிக்கை வந்தால் அதை ஊருக்குச் சொல்ல ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்கிறதா என்பதையும்தான். நல்லவாடு இதையெல்லாம் யாரும் சொல்லாமலேயே 2004-ல் செய்து காட்டியது.

கரைக்கு அப்பால்

ஒலிபெருக்கியால் ஒருபோதும் முடியாதது ஒன்று உண்டு. அதன் குரல் கடலுக்குள் போகாது. செல்போன் சிக்னலும் கரையிலிருந்து சில கடல் மைல் தூரத்தில் அறுந்துவிடும். ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன் பிடிப்பவருக்கு என்ன வழி?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அந்தக் கேள்வியைக் கேட்டது. கன்னியாகுமரிக் கடலோரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் போனவர்கள் எச்சரிக்கை வெளியாவதற்கு முன்பே ஆழ்கடலில் இருந்தார்கள். கரைக்குச் செய்தி வந்த பிறகும் அவர்களுக்குச் சொல்ல வழியில்லை. திரும்பாதவர்களின் எண்ணிக்கை நூறுகளில் போனது.

அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கே பேசும் முயற்சிகள் வேகமெடுத்தன. 2019-ல் 'ஜெமினி' என்ற சிறிய கருவி வந்தது. செயற்கைக்கோளிடமிருந்து செய்தியை வாங்கி, படகில் இருக்கும் போனுக்கு ப்ளூடூத்தில் கொடுக்கும். கேட்க மட்டும் முடியும், பதில் சொல்ல முடியாது. இஸ்ரோ உருவாக்கிய அடுத்த கருவியில் இரண்டும் முடியும். ஆபத்தென்றால் படகிலிருந்து செய்தி அனுப்பலாம், கரையிலிருந்து புயல் எச்சரிக்கை வரும். 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 1 லட்சம் படகுகளுக்கு இந்த டிரான்ஸ்பாண்டர்களைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிராவின் பால்கரில் தொடங்கப்பட்டது.

அடுத்த பத்து வருடத்தில் இந்தக் கரையில் நடக்கப்போகும் பெரிய மாற்றம் இதுவாகத்தான் இருக்கும். படகு எங்கே இருக்கிறது என்பது கரைக்குத் தெரியும். ராத்திரி முழுக்கக் காத்திருக்கும் வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி! அதே நேரம், எங்கே வலை விடுகிறோம் என்பது மீனவரின் தொழில் ரகசியம். கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் வைத்து இடத்தைக் குறித்துக்கொண்டு, அதைப் பிள்ளைக்கு மட்டும் சொல்லிக்கொடுத்த தொழில் இது. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்து, அதன் குணத்தை வைத்தே கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுத்தவர்கள். எந்நேரமும் ஒரு கருவி தன் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும் என்றால் தயக்கம் வரத்தான் செய்யும். அதைப் 'புரியாதவர்களின் பயம்' என்று ஒதுக்குவது தப்பு. 1998-ல் ஊர்க்காரர்களின் கையில் மையத்தைக் கொடுத்தது போல, இந்தக் கருவியையும் அவர்களுடையதாக ஆக்க என்ன செய்வது என்று யோசிப்பதுதான் வேலை.

கருவிகள் எல்லாம் நல்லதே செய்யும் என்று இந்தக் கரை நம்பாததற்குக் காரணமும் இருக்கிறது. 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல் தடுப்புகள் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அங்கேயே நின்றது. புதுச்சேரி நகரத்தின் மணல் கடற்கரை காணாமல் போனது. இன்று டூரிஸ்ட்கள் உட்கார்ந்து செல்ஃபி எடுக்கும் கருங்கற்கள் அப்படி வந்தவைதான்.

நல்லவாட்டுக்குப் போகிறவர்கள் திரும்பும்போது வீராம்பட்டினத்தையும் பார்த்துவிடலாம். அரியாங்குப்பத்திலிருந்து கிழக்கே திரும்ப வேண்டும். பக்கத்திலேயே அரிக்கமேடு, 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டிப் பார்த்த ரோமானிய வணிகத் துறை. பருவக்காற்றை நம்பிச் செங்கடலிலிருந்து கிளம்பிய வணிகத்தின் சரக்கு வந்து இறங்கிய இடம். பார்க்க மாந்தோப்பும் சில செங்கல் சுவர்களும்தான் மிச்சம். கடலில் குளிக்க நினைத்தால் அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

ஆடி மாதம் போவதாக இருந்தால் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரோட்டத்தைத் தவற விடாதீர்கள். பிரெஞ்சு கவர்னர்கள் வடம் பிடித்துத் தொடங்கிவைத்த தேர், இன்றைக்குத் துணைநிலை ஆளுநரும் முதல்வரும் வந்து வடம் பிடிக்கிறார்கள். ஊர் முழுக்க ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். பக்கத்தில் நிற்பவர் என்ன சொல்கிறார் என்பதே கேட்காது, போன் வந்தாலும் தெரியாது.