துளியும் புள்ளியும்

பதுளைத் தோட்டங்களிலே மழை நின்ற பின்னரும் இறவாரத்துத் தகரம் நெடுநேரம் சொட்டிக்கொண்டிருக்கும். துளியொன்று வாளி நீரில் மோதியதும் எழும் மகுடத்தை நிழற்படமாக்குதல் என் விடுமுறைக்கால முயற்சி. கலைப்பீட மாணவனுக்கு இதில் என்ன வேலையென்று வினவுவோர் உளர். விடை பின்னர் வரும்.

எங்கள் லயக் காம்பராவுக்கு ஒரே சன்னல். துளியை அசைவற நிறுத்த, கமராவை ஒரு செக்கனில் 4,000இல் ஒரு பங்கு நேரமே திறந்தால் உட்புகும் ஒளி மிகச் சொற்பம். ஐ.எஸ்.ஓ. எண்ணை 6,400க்கு உயர்த்தி அதனை ஈடுசெய்தால், படமெங்கும் மணல் தூவியதுபோற் புள்ளிகள் தோன்றும். இதனை இரைச்சல் என்பர். காதுக்குரிய சொல் கண்ணுக்கு வந்தது விந்தையே. குற்றம் கருவியினுடையது மட்டுமன்று. ஒளியும் மழைபோலத் துகள் துகளாக, ஒழுங்கின்றியே விழுகிறது. 100 துகள்கள் விழுமிடத்தில் ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 10, அதாவது பத்திலொன்று. 10,000 விழுமிடத்தில் 100, நூற்றிலொன்றே. ஆதலின் ஒளியைப் பெருக்குவதே பரிகாரம்.

அதற்கு வழி இருட்டு. காம்பராவை இருளாக்கி, கமராவைத் திறந்தபடி விட்டு, மகுடம் எழும் கணத்தில் பிளாஷ் விளக்கை மின்னச் செய்தல் வேண்டும். விளக்கின் வலுவை 32இல் ஒரு பங்காகக் குறைத்தால், பல விளக்குகளில் அம்மின்னல் 10,000இல் ஒரு செக்கன்கூட நீடியாது. துளியை நிறுத்துவது அதுவே. விளக்கை நீருக்கு அண்மையில் வைத்தால் ஐ.எஸ்.ஓ. 200 போதும். ஹரோல்ட் எட்கேர்ட்டன் 1957இல் எடுத்த புகழ்பெற்ற பாற்றுளி மகுடமும் மின்னொளி தந்ததே.

எஞ்சும் புள்ளிகளைக் கணினி துடைத்துவிடும். அதற்குத்தான் என் மனம் ஒப்பவில்லை. மகுடத்தின் நுனியிலிருந்து தெறிக்கும் நுண்துளிகளையும் அது புள்ளிகளென்றே விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவது மெழுகுப் பொம்மை. ஆர்தர் வேர்திங்டன் என்னும் ஆங்கிலேய பௌதிக அறிஞர், மின்பொறி வெளிச்சத்திற் கண்ட தெறிப்புகளைப் பல்லாண்டுகள் கையால் வரைந்தார். அவை சமச்சீராயிருந்தன. 1894இல் அவற்றை நிழற்படமாக்கியபோதோ, கோணலற்ற தெறிப்பைக் காண்பதே அரிதாயிற்று. கோணல்களை நீக்கியது தம் மனமே என்பதை 1908இல் வெளியிட்ட நூலில் அவர் மறைக்கவில்லை.

என் பாட்டியின் படமொன்றைப் பெரிதாக்கக் கொடுத்திருந்தோம். நாற்பதாண்டுகள் கொழுந்து பறித்த விரல்களின் வெடிப்பும் கறையும் நீங்கி, வழவழப்பான கைகளோடு அது திரும்பி வந்தது. 'இரைச்சலை எடுத்துவிட்டோம், தம்பி' என்றார் கடைக்காரர், அன்போடுதான். வீட்டிலே அப்படத்தை எவரும் சுவரில் மாட்டவில்லை.

துளிப்படங்களில் இப்போது நிறப்புள்ளிகளை மட்டுமே குறைக்கிறேன். வெளிச்சப் புள்ளிகளை அப்படியே விட்டுவிடுகிறேன்.