பட்டாளத்து வீட்டின் ஜாகை மாற்றம்

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் சாலையில் ஏறக்குறைய 20 கிலோ மீட்டர் வடக்கே போனால் வேடசந்தூர் வருகிறது. ஊரை ஒட்டிக் குடகனாறு. ஆறு என்று சொன்னாலும், வருஷத்தில் பெரும் பகுதி அதில் மணலைத்தான் காணலாம். 1948-ல் நிறுவப்பட்ட புகையிலை ஆராய்ச்சி நிலையம் இவ்வூருக்கு வெளியிலும் ஒரு பெயரைத் தந்தது. பின்னால் வந்த நூற்பாலைகள் கூலியைத் தந்தன. இவை தவிர, சில வீடுகளுக்குப் பட்டாளத்துச் சம்பளமும் உண்டு. அப்படிப்பட்ட வீடு ஒன்றில் நாம் ஒரு பகல் முழுவதும் இருந்தோம். வைகாசி மாதம், ஜாகை மாற்றும் ஏற்பாடு மும்முரமாக நடந்து கொண்டிருந்தது.

மற்ற உத்தியோகஸ்தர்களுக்கு மாற்றல் வந்தால் "எந்த ஊர்?" என்று கேட்பார்கள். பட்டாளத்து வீட்டில் கேட்பது, "குடும்பத்தைக் கூட்டிப் போகலாமா?" என்பதுதான். எல்லைப்புறமானால் குடும்பத்துக்கு அங்கே இடமில்லை. மனைவி மக்கள் ஊரிலேயே இருக்க வேண்டியதுதான். உள்நாட்டுக் கண்டோன்மெண்டானால் இரண்டு மூன்று வருஷம் சேர்ந்து வாழலாம். அங்கும் குவார்ட்டர்ஸுக்கு வரிசை உண்டு. ஆகையால் புருஷன் முன்னே போக, வீடு கிடைத்த பிறகு குடும்பம் பின்னே போகும். இந்த வீட்டுக்காரர் ஜபல்பூருக்குப் போய் நான்கு மாதமாகிறது.

படைக் குடும்பம் ஜாகை மாறுவது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. 1772-ல் காளையார்கோவிலில் கணவரைப் பறிகொடுத்த வேலு நாச்சியார், பெண் குழந்தையுடன் அடைக்கலம் புகுந்தது இந்த ஜில்லாவின் விருப்பாட்சியில்தான். எட்டு வருஷ ஜாகை! 1780-ல் படையோடு சிவகங்கை திரும்பினார். அந்தப் பிரயாணத்தில் புளி, மிளகாய் யார் கட்டினார்களோ, சரித்திர ஆசிரியர்கள் எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

இங்கே கட்டுகிறவர் மருமகள். கூடத்தில் மூன்று கறுப்பு இரும்புப் பெட்டிகள்; மேலே வெள்ளைச் சாயத்தில் எண், பதவி, பெயர். கட்டிலும் பீரோவும் கிடையாது. அவற்றை ஒவ்வொரு ஊரிலும் புதிதாகப் பார்த்துக்கொள்வதே சிக்கனம் என்றார். கிரைண்டர் வருகிறது, அம்மி வரவில்லை. காஸ் சிலிண்டரை ஒப்படைத்து மாற்றுச் சீட்டு வாங்கியாகிவிட்டது. பள்ளிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, குழந்தையின் பெயர் பதிவான பட்டாளத்து உத்தரவின் நகல் ஆகியவை மட்டும் கைப்பையில். "பெட்டி தொலைந்தால் வாங்கிக்கலாங்க, இது தொலைந்தால் பையனுக்குப் பள்ளிக்கூடமே இல்லை" என்றார். நிர்வாகம் கற்க விரும்புவோர் இவரிடம் ஒரு வாரம் இருந்து வரலாம்.

பள்ளிக்கூடம் பெரிய கவலையல்ல. 1963-ல் ஆரம்பமான கேந்திரீய வித்தியாலயங்கள் இத்தகைய குழந்தைகளை உத்தேசித்தே வந்தவை. எங்கும் ஒரே பாடத் திட்டம். ஆனால் ஹிந்தியும் இங்கிலீஷும் எழுதும் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துத் தெரியவில்லை. கிழவிக்கு அதுதான் தாங்கவில்லை.

"ஏம்மா, பேரனை எங்கிட்ட விட்டுட்டுப் போயேன். இங்கேயே படிக்கட்டும்."

"அத்தை, அவங்க அப்பாவோட இருக்கப் போறதே இந்த ரெண்டு வருஷந்தானே? அடுத்தது எல்லைன்னா மறுபடி எப்போ?"

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. யாருக்குத் தீர்ப்புச் சொல்வது? நாம் மோரைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்தோம். பையனோ பெட்டிமேல் உட்கார்ந்து, முன்பு இருந்த அம்பாலாவின் குளிரை எங்களுக்கு விவரித்துக் கொண்டிருந்தான்.

மாலையில் ஜபல்பூரிலிருந்து தொலைபேசி வந்தது. மகனிடம் கிழவி நெடுநேரம் பேசினார். ஆறு மாதத்துக்கு அவரும் கூடப் போய், பேரனுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பதென்று முடிவாயிற்று. இரண்டு டிக்கெட்டு மூன்றாயிற்று. இரண்டு கிலோ புளி ஐந்து கிலோவாயிற்று. மருமகள் மூன்றாவது பெட்டியைத் திறந்து, அடுக்கியதையெல்லாம் மறுபடி வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்தார்.