70 வளைவும் ஒரு லிட்டர் ஆயிலும்!

கொல்லிமலைக்குப் போகணும்னா, காரவள்ளி அடிவாரத்துல ஆரம்பிச்சு மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டணும் பாஸ்! ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போர்டு இருக்கும். எண்ணிக்கிட்டே ஏறுறதுதான் த்ரில். நானும் ரூம்மேட்டும் 31 வரைக்கும்தான் எண்ணினோம். அதோட எங்க கதை கந்தல்!

வண்டி அப்பாவோடது. 125 சிசி. காலேஜுக்குக் கொடுத்தனுப்பும்போது அவர் போட்ட ஒரே கண்டிஷன், 'கரெக்டா ஆயில் மாத்தணும்'. கிளம்புறதுக்கு முதல் நாள் ராத்திரிதான் அது ஞாபகம் வந்துச்சு. பர்ஸ் காலி. ரூம்மேட், அவன் மாமா காருக்கு ஊத்தினது போக மிச்சமிருந்த டப்பாவைத் தூக்கிட்டு வந்தான். "ஃபுல் சிந்தெடிக் மச்சான், காஸ்ட்லி ஐட்டம்!" காருக்கே ஊத்துறது பைக்குக்கு ஆகாதா என்ன? ஊத்திட்டோம்.

நாமக்கல் ரோட்டில் வண்டி வெண்ணெய் மாதிரி போச்சு. மலை ஏற ஆரம்பிச்சதும்தான் சேட்டை. ஆக்ஸிலேட்டரைத் திருகினா இன்ஜின் அலறுது, வண்டி நகரலை! 31-வது வளைவில் அப்படியே நின்னு, மெதுவா பின்னாடி உருள ஆரம்பிச்சுது. பின்னால பஸ் ஹாரன். ரெண்டு பிரேக்கையும் பிடிச்சுக்கிட்டு நின்ன அந்த நிமிஷம் இருக்கே... சுற்றுலாவாவது, ஒண்ணாவது!

ஊர்ந்து ஊர்ந்து கீழே இறங்கி, சேந்தமங்கலத்தில் ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட வண்டியை விட்டோம். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு, "என்னங் தம்பி ஆயில் ஊத்துனீங்க?" என்றார். டப்பாவைக் காட்டினோம். சிரிச்சுட்டார்.

"நல்ல ஆயில்தானுங்க. ஆனா, காருக்கு! பைக்குல இன்ஜின், கியர், கிளட்ச் மூணும் ஒரே ஆயில்லதான் ஊறுது. இதுல வழுக்கறதுக்குன்னே மருந்து கலந்திருக்குது. கிளட்ச் பிளேட்டும் சேர்ந்து வழுக்கிருச்சு. பிளேட் கருகல, தப்பிச்சீங்க."

பைக் ஆயில் டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ' அல்லது 'எம்.ஏ2' என்று போட்டிருக்கணுமாம். 1998-ல் ஜப்பான்காரர்கள் கொண்டுவந்த தரம் அது. ஆயிலில் ஊறினாலும் கிளட்ச் வழுக்காது என்று அர்த்தம். 'எம்.பி' போட்டிருந்தா கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. அப்புறம் அந்த நம்பர்... 10டபிள்யூ-30-ல் 'டபிள்யூ'ன்னா வின்ட்டர். முதல் நம்பர் சின்னதா இருந்தா, குளிரில் சீக்கிரம் ஓடும். அடுத்த நம்பர் 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியா நிற்கும்னு சொல்லுது.

"அப்ப பெரிய நம்பர்தான் பெஸ்ட்டாண்ணே?"

"அப்படி இல்லீங். புல்லட்டுக்கு 15டபிள்யூ-50ம்பாங்க. உங்க வண்டிக்கு அது எதுக்கு? வண்டி புக்கைப் பார்க்கலீங்களா?"

சீட்டுக்கு அடியில் பாலிதீன் கவருக்குள் பத்திரமா இருந்துச்சு புக். கடைசிப் பக்கத்தில் அப்பா கையெழுத்து... தேதி, கிலோமீட்டர், '10டபிள்யூ-30, எம்.ஏ'. வரிசையா ஒரு பக்கம் முழுக்க! வண்டி என் கைக்கு வந்த தேதியோட அது நின்னு போயிருந்துச்சு.

பழசை வடிச்சு, சரியான ஆயில் ஊத்தி, மறுநாள் காலையில் மறுபடி ஏறினோம். 31-ஐத் தாண்டும்போது ரெண்டு பேரும் மூச்சே விடலை. 70! செம்மேட்டில் வல்வில் ஓரி சிலைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். ரூம்மேட் ஆகாய கங்கைக்குக் கிளம்பலாம்னு கத்திக்கிட்டு இருந்தான்.

"ஒரு நிமிஷம்டா" என்று புக்கை எடுத்தேன். அப்பா எழுதினதுக்குக் கீழே முதல் முறையா என் கையெழுத்து... தேதி, கிலோமீட்டர், '10டபிள்யூ-30, எம்.ஏ'.