சிக்னல் இல்லாத அரை மணி

2015 செப்டம்பரிலிருந்து வங்கிக்காரனுக்கு மாதம் 2 சனிக்கிழமை விடுமுறை. மும்பைக்கு மாற்றலாகி வந்த 3 வருடத்தில் அவற்றைத் துணி துவைத்தும் தூங்கியுமே தீர்த்திருக்கிறேன். (தங்கமணியும் பெண்ணும் சென்னையில். பிளஸ் டூ. வேறென்ன?)

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை, போரிவலி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கன்ஹேரி குகைகளுக்குத் தனியாகப் போனேன். கிருஷ்ணகிரிதான் மருவிக் கன்ஹேரி ஆனதாம். அட, நம்ம ஊர்ப் பேர்! ஒரே கரும்பாறை மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள். கீழே பெரிய சைத்தியத்தில் செல்ஃபி கூட்டம். மேலே ஏற ஏற ஆளே இல்லை.

மழை வலுக்கவே ஒரு சின்னக் குகைக்குள் ஒதுங்கினேன். பிக்குகள் படுப்பதற்காகச் செதுக்கிய கல்திண்ணையில் உட்கார்ந்து போனைப் பார்த்தால், சிக்னல் இல்லை.

வெளியூரில் இருக்கும் நமக்குத் தெரியும், அகாலத்தில் ஊரிலிருந்து போன் வந்தால் வயிறு என்ன பாடுபடும் என்று. எனக்கு அது வராவிட்டாலும் பயம். அம்மா போன அன்று ஆடிட் கூட்டத்தில் போனை சைலன்ட்டில் வைத்திருந்தேன். 11 மிஸ்டு கால். அதற்கப்புறம் குளிக்கும்போதுகூடப் போன் பக்கத்தில்தான். அப்பாவுக்கு 79. தேவகோட்டையில் தனியாக இருக்கிறார்.

இரண்டு தடவை மழையில் நனைந்துகொண்டே வெளியே போய்ப் போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். மூன்றாம் தடவை ஏனோ எழுந்திருக்கவில்லை.

பாறையில் வெட்டியிருந்த வாய்க்கால் வழியாகத் தண்ணீர் ஓடிவந்து, வாசலை ஒட்டிய கல்தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பிக்குகள் மழையைப் பிடித்துவைத்த ஏற்பாடு, இன்னும் வேலை செய்கிறது. சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். மழை வந்தால் அண்டா, குடம், ஈயச் சொம்பு வரைக்கும் தாழ்வாரத்தில் வரிசையாக வைப்பாள் அம்மா. ஒன்று நிரம்பியதும் அடுத்ததைத் தள்ளச் சொல்லி என்னை விரட்டுவாள். அந்த 11 மிஸ்டு கால் இல்லாமல் அம்மா ஞாபகம் வந்தது அன்றைக்குத்தான். யாரும் இல்லாததால் கொஞ்சம் அழுதேன்.

கீழே இறங்கியதும் போன் உயிர்பெற்றது. அப்பாவிடமிருந்து 2 மிஸ்டு கால். கை நடுங்கக் கூப்பிட்டேன்.

"எங்கப்பா போயிட்ட?"

"மலை மேல. சும்மா உக்காந்திருந்தேன்ப்பா."

"மழையா அங்க?"

"நல்ல மழை."

"இங்க ஒரு சொட்டு இல்ல. சரி, தலைய நல்லாத் தொவட்டு" என்று வைத்துவிட்டார்.